பகிர்ந்து முடிவெடுத்தலை அளக்கும் வினாத்தாள்: தமிழாக்கமும் சரிபார்ப்பும்

சிகிச்சை குறித்த முடிவில் நோயாளிக்கு எவ்வளவு பங்கு கிடைத்தது என்பதை அவரிடமே கேட்டு அளப்பதற்குப் பல வினாத்தாள்கள் உள்ளன. அவற்றுள் பல மொழிகளுக்குச் சென்றிருப்பது, மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து முடிவெடுப்பதை, அதாவது பகிர்ந்து முடிவெடுத்தலை அளக்க ஜெர்மனியில் உருவான எஸ்.டி.எம்.-கியூ-9. லெவென்டே கிறிஸ்டன், இசபெல் ஷோல், மார்ட்டின் ஹெர்ட்டர் முதலானோர் 2010-இல் வெளியிட்ட இந்த வினாத்தாளில் ஒன்பது கூற்றுகள் மட்டுமே உள்ளன. முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னாரா என்பதில் தொடங்கி, வெவ்வேறு வழிகள் உள்ளன என்றாரா, அவற்றின் சாதக பாதகங்களை விளக்கினாரா, எது விருப்பம் என்று கேட்டாரா என்று சென்று, இருவரும் சேர்ந்து ஒன்றைத் தேர்ந்தார்களா, அடுத்து என்ன செய்வது என்பதில் ஒத்த கருத்துக்கு வந்தார்களா என்பதில் அது முடிகிறது. ஒவ்வொரு கூற்றுக்கும் 0 முதல் 5 வரை ஆறு படிகள் உண்டு. நடுநிலைப் படி கிடையாது. கூட்டுத்தொகையை 20-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் அது 0 முதல் 100 வரையிலான மதிப்பெண்ணாகிறது. 36 பெற்றவரின் மதிப்பெண் 80. கூற்றுகளுக்கு முன்னால், எந்த உடல்நலச் சிக்கலுக்காக மருத்துவரைப் பார்த்தீர்கள், என்ன முடிவு எடுக்கப்பட்டது என்று எழுதச் சொல்லும் இரு திறந்த கேள்விகளும் உள்ளன. அலங்காரம் என்று கருதிப் பலர் தாண்டிவிடும் அவ்விரு கேள்விகளும் தமிழாக்கத்தைச் சரிபார்ப்பவருக்குப் பெரிதும் கைகொடுப்பவை.

இத்தகைய வினாத்தாளைத் தமிழில் கொண்டுவர விரும்பும் முதுநிலை மருத்துவ மாணவர்கள், செவிலியக் கல்வியாளர்கள், பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் ஆகியோருக்காக இக்குறிப்பு எழுதப்படுகிறது. ஆய்வேடுகளில் இந்த வேலை பெரும்பாலும் ஒரே பத்தியில் முடிந்துவிடுகிறது: வினாத்தாள் மொழிபெயர்க்கப்பட்டது, திரும்ப ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்பட்டு ஒப்பிடப்பட்டது, கிரான்பாக் ஆல்ஃபா 0.9-க்கு மேல் கிடைத்தது. அந்த எண், நோயாளிகள் ஒன்பது கூற்றுகளுக்கும் ஏறத்தாழ ஒரே போக்கில் பதில் சொன்னார்கள் என்பதை மட்டுமே தெரிவிக்கிறது; நாம் கேட்க நினைத்ததைத்தான் அவர்கள் புரிந்துகொண்டார்களா என்பது அதில் தெரியாது. தமிழாக்கம் தவறும் இடங்கள் பெரும்பாலும் சொற்களில் இருப்பதால், சொற்களுக்கும் நேர்காணலுக்கும் இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். கணக்கு அதற்குப் பின்னால்தான் வருகிறது.

தொடங்கும் முன்

உருவாக்கியவர்களுக்கு எழுதி, தமிழ் வடிவம் ஏற்கெனவே உள்ளதா, யாராவது செய்துகொண்டிருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள்; எழுத்து மூலம் அனுமதியும் பெறுங்கள். இணையத்தில் வினாத்தாள் கிடைக்கிறது என்பது அதை மொழிபெயர்க்கும் உரிமையாகாது. அடுத்து உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களின்படி, வெறும் வினாத்தாள் ஆய்வுக்கும் குழுவின் பார்வை தேவை. நோயாளி தம் மருத்துவரைப் பற்றிக் கருத்துச் சொல்லப் போகிறார் என்பதால், அக்கருத்து மருத்துவரின் கைக்குப் போகாது என்ற உறுதியை ஒப்புதல் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும்.

எந்தத் தமிழ் என்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 'டாக்டர்' என்றும் 'மருத்துவர்' என்றும் சொல்வதை இலங்கையில் 'வைத்தியர்' என்றும் 'டொக்டர்' என்றும் சொல்கிறார்கள். அங்கே மருத்துவமனை வைத்தியசாலையாகிறது. இரு நாட்டிலும் பயன்படும் ஒரே வடிவம் என்பது கேட்க அழகாக இருந்தாலும், இரு இடத்திலும் சற்று அந்நியமாகவே ஒலிக்கும். ஒரு நாட்டுக்கென்று தொடங்கி, மற்ற நாட்டுக்கு வேண்டிய மாற்றங்களைத் தனியாகச் சோதிப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

நாடு முடிவானாலும் எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்ற கேள்வி நிற்கிறது. நோயாளி தாமே படித்து நிரப்பினால் எளிய எழுத்துத் தமிழ் போதும். ஆனால் அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் ஒரு பகுதியினருக்கு யாராவது படித்துக் காட்ட வேண்டியிருக்கும். அப்போது 'விளக்கினார்' என்று அச்சிட்டிருப்பதைப் படிப்பவர் 'விளக்கிச் சொன்னாங்களா' என்று தம் வாய்க்கு வந்தபடி மாற்றிவிடுவார். பத்துப் பேர் படித்தால் பத்து வினாத்தாள்கள் உருவாகிவிடும். அதனால் எழுத்து வடிவத்தோடு, உரக்கப் படிப்பதற்கென்று பேச்சு நடையில் ஒரு வாசகத்தையும் எழுதி, இரண்டையும் சோதனைக்கு உட்படுத்துவது நல்லது. வேலை இரட்டிப்பாகும் என்பது உண்மைதான், ஆனால் படித்துக் காட்டும் சூழலில் இதற்கு மாற்று எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டு மொழிபெயர்ப்புகள், ஒரு தொகுப்பு

டோர்க்காஸ் பீட்டனும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட வழிமுறையும், மருந்துப் பொருளியலையும் சிகிச்சை விளைவுகளையும் ஆராயும் பன்னாட்டு அமைப்பான இஸ்போரின் பணிக்குழு 2005-இல் வெளியிட்ட வழிமுறையும் இத்துறையில் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன. இரண்டின் அடிப்படையும் ஒன்றே: தாய்மொழியாளர்கள் தனித்தனியே செய்யும் முன்மொழிபெயர்ப்புகள், அவற்றை ஒன்றாக்கும் தொகுப்பு, மூலத்தைப் பார்க்காதவர்கள் மூலமொழிக்கே திரும்பச் செய்யும் பின்மொழிபெயர்ப்பு, குழுவின் ஆய்வு, நோயாளிகளிடம் முன்சோதனை. முன்மொழிபெயர்ப்பாளர் இருவரில் ஒருவர் பகிர்ந்து முடிவெடுத்தல் என்ற கருத்தை அறிந்தவராகவும் மற்றவர் மருத்துவத் துறைக்கே வெளியாளாகவும் இருக்க வேண்டும் என்கிறது பீட்டனின் வழிமுறை. வெளியாளின் பிரதியை இரண்டாம்தரமாகப் பார்க்கும் பழக்கம் நம் கல்லூரிகளில் உண்டு. நோயாளிக்கு அருகில் நிற்பது பெரும்பாலும் அவருடைய தமிழ்தான்.

மூலம் ஜெர்மன் மொழியில் உள்ளது. நாம் கையில் எடுப்பதோ ஆங்கில வடிவம். ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பதில் தவறில்லை என்றாலும், ஐயம் எழும் இடத்தில் ஜெர்மன் கூற்றைப் பார்ப்பது உதவும். ஜெர்மனியில் வளர்ந்து, வீட்டில் தமிழ் பேசும் ஈழத் தமிழர்கள் பலர் உள்ளனர். அவர்களில் ஒருவரை ஓரிரு மணி நேரம் இணையவழியில் உட்கார வைத்தால் இது முடிந்துவிடும். முதல் கூற்றில் ஆங்கிலத்தைப் பின்பற்றி 'தெளிவுபடுத்தினார்' என்று எழுதத் தோன்றும், ஆனால் ஜெர்மன் மூலத்தின் அழுத்தம் வெளிப்படையாக, வாய்விட்டுச் சொன்னாரா என்பதில் இருக்கிறது. ஜெர்மன் கூற்றுகள் மருத்துவரின் ஆண்பால் பெண்பால் வடிவங்களை இரண்டாக எழுதிச் செல்ல வேண்டியிருக்க, தமிழில் 'மருத்துவர் சொன்னார்' என்ற ஒன்றே போதும் என்பது நமக்குக் கிடைக்கும் சிறு சலுகை.

சலுகைகள் அத்தோடு முடிந்துவிடுகின்றன. சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'முடிவு' என்ற சொல்லே முதல் இடறல். நோயாளிகளின் பேச்சில் அது பரிசோதனையின் விளைவையும் குறிக்கிறது. 'ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது' என்பது அன்றாடப் பேச்சு. 'முடிவு தேவை என்று மருத்துவர் சொன்னார்' என்று முதல் கூற்றைச் சுருக்கி எழுதினால், ஸ்கேன் எடுக்கச் சொன்னதைத்தான் கேட்கிறார்கள் என்று ஒருவர் நினைத்து, முழு நிறைவோடு உயர்ந்த படியைக் குறித்துவிடலாம். 'முடிவு எடுக்க' என்று வினையோடு சேர்த்தே எழுதுவதும், 'எந்தச் சிகிச்சை என்று முடிவு எடுக்க' என்று பொருளைக் கட்டிவைப்பதும் ஆபத்தைக் குறைக்கும். முதல் கூற்று மற்ற எட்டுடன் அவ்வளவாக ஒட்டாமல் நிற்பதை ஐரோப்பிய மொழி வடிவங்கள் சிலவற்றிலும் கண்டிருக்கிறார்கள். ஆகவே அது தமிழில் தள்ளாடினால், குறை கூற்றின் இயல்பிலா, 'முடிவு' என்ற சொல்லிலா என்பதைப் பிரித்தறிய வேண்டியிருக்கும். அதற்கு நேர்காணல் ஒன்றே வழி.

'சிகிச்சை முறை' இன்னும் தந்திரமானது. ஒரே நோய்க்கு மாத்திரை, ஊசி, அறுவை என்று உள்ள வழிகளைத்தான் மூலம் கருதுகிறது. ஆனால் நம்மிடம் 'வேறு சிகிச்சை முறைகள்' என்றால் சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி என்று மனம் போகிறது. அலோபதி மருத்துவர் அவற்றைப் பற்றிச் சொல்லவில்லை என்று நோயாளி மூன்றாம் கூற்றை மறுத்தால், அவர் சொன்னது உண்மையே. நாம் கேட்டதுதான் வேறு. 'வாய்ப்பு' என்று எழுதினால் 'பிழைக்க வாய்ப்பு இருக்கிறதா' என்ற பொருள் குறுக்கே வரும். 'தெரிவு' இலங்கையில் பழகிய சொல். தமிழ்நாட்டில் படித்தவர்களைத் தவிரப் பிறருக்கு அது எட்டாது. 'என் நோய்க்குச் சிகிச்சை செய்ய ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உள்ளன' என்ற எளிய வாக்கியத்தையே முதல் சுற்றுக்குப் பரிந்துரைப்பேன்.

நான்காம் கூற்றுக்குச் 'சாதக பாதகங்கள்' என்பது செய்தித்தாள் தமிழ். 'நன்மை தீமை' என்பதில் 'தீமை' மருந்துக்குப் பொருந்தாமல் ஏதோ பாவச் செயல்போல் ஒலிக்கிறது. 'நல்லது கெட்டது' என்றாலோ திருமண வீடும் இழவு வீடும் நினைவுக்கு வருகின்றன. 'பக்க விளைவு' எல்லாருக்கும் தெரிந்த சொல், ஆனால் செலவும் அலைச்சலும் வேலைக்குப் போக முடியாத நாள்களும் அதற்குள் அடங்கா. 'ஒவ்வொரு வழியிலும் என்ன நன்மை, என்ன சிரமம்' என்பது எனக்குப் பிடித்த தீர்வு. குழு ஏற்காவிட்டால் வேறு தேடலாம். ஏழாம் கூற்றில் வழிகளை எடைபோட்டுப் பார்ப்பதற்குச் 'சீர்தூக்கிப் பார்த்தோம்' என்பது அழகிய தமிழாயினும், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அதில் திகைப்பார். 'ஒப்பிட்டுப் பேசினோம்' என்பதில் ஆழம் சற்றுக் குறைந்தாலும் தெளிவு இருக்கிறது. 'நன்றாக' என்று ஒரு சொல்லைச் சேர்த்து ஆழத்தை ஓரளவு மீட்கலாம்.

'என் மருத்துவர்' என்ற தொடர் குடும்ப மருத்துவர் உள்ள நாட்டிலிருந்து வந்தது. அரசு மருத்துவமனையில் போன முறை பார்த்தவர் ஒருவர், இன்று பார்த்தவர் இன்னொருவர், இடையில் வந்து கேட்டுவிட்டுப் போன 'பெரிய டாக்டர்' வேறொருவர். 'இன்று உங்களைப் பார்த்த மருத்துவர்' என்று தாளின் தலைப்பிலேயே வரையறுத்துவிட்டு, கூற்றுகளில் 'மருத்துவர்' என்று மட்டும் எழுதலாம்.

கடைசி மூன்று கூற்றுகளில் 'நானும் மருத்துவரும்' என்ற எழுவாய் வருகிறது. ஆங்கிலத்தில் இல்லாத ஒரு பிரிவு தமிழில் உண்டு: 'நாம்' என்பது கேட்பவரையும் உள்ளடக்கும், 'நாங்கள்' உள்ளடக்காது. சுருக்கம் கருதி 'நாம் சேர்ந்து தேர்ந்தெடுத்தோம்' என்று எழுதினால், படித்துக் காட்டுபவரையும் சேர்த்துச் சொல்வதுபோல் ஆகிவிடும். 'நாங்கள் முடிவு எடுத்தோம்' என்றாலோ, 'நாங்க' என்றவுடன் நோயாளி நினைப்பது தம்மையும் கணவரையும் மகனையும், மருத்துவரை அல்ல. எனவே ஒவ்வொரு கூற்றிலும் 'நானும் மருத்துவரும் சேர்ந்து' என்று முழுமையாக எழுதுங்கள். மூன்று முறை வருகிறதே என்று நடைக்காகத் தயங்க வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் விடைப்படிகளில் உள்ளது. நாம் கையில் எடுக்கும் ஆங்கில வடிவத்தில் கூற்றை ஒப்புவதும் மறுப்பதுமாக ஆறு படிகள் உள்ளன. 'உடன்படுகிறேன்', 'ஒத்துக்கொள்கிறேன்', 'சம்மதிக்கிறேன்' ஆகிய மூன்றுமே தமிழில் ஒருவர் சொன்னதற்கு இசைவதைக் குறிப்பவை. 'டாக்டர் சொன்னார், ஒத்துக்கிட்டேன்' என்பது மருத்துவமனை வாசலில் தினமும் கேட்கும் வாக்கியம். ஆகவே, மருத்துவர் என்னிடம் விருப்பம் கேட்டார் என்ற கூற்றுக்கு 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்று குறிப்பவர், அப்படிக் கேட்கப்பட்டது உண்மை என்கிறாரா, மருத்துவர் சொன்ன சிகிச்சைக்கு உடன்பட்டேன் என்கிறாரா என்பது தாளைப் பார்த்தால் தெரியாது. 'சம்மதம்' அறுவைக்கு முன் கையெழுத்திடும் படிவத்தையும் நினைவூட்டும். கூற்று நடந்ததோடு எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டால், அதாவது 'முற்றிலும் பொருந்தும்', 'பெரும்பாலும் பொருந்தும்', 'ஓரளவு பொருந்தும்', 'அவ்வளவாகப் பொருந்தாது', 'பெரும்பாலும் பொருந்தாது', 'சிறிதும் பொருந்தாது' என்று அமைத்தால் இக்குழப்பம் தீர்கிறது. ஆனால் ஜெர்மன் படிகளும் இதே பொருளைத் தாங்குகின்றனவா என்று உருவாக்கியவர்களைக் கேட்டே இதைச் செய்ய வேண்டும். விடைப்படிகளைத் தன்னிச்சையாக மாற்றியபின் மதிப்பெண்களைப் பிற நாட்டு எண்களோடு ஒப்பிட முடியாது.

பின்மொழிபெயர்ப்பும் குழுவும்

பின்மொழிபெயர்ப்பை 1970-இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் விரிவாக முன்வைத்தார். அன்றிலிருந்து அது மொழிபெயர்ப்பின் தரச் சான்றாகவே கருதப்பட்டு வருகிறது. அதன் வரம்பை மறக்கக் கூடாது. சொல்லுக்குச் சொல் பெயர்த்த மோசமான தமிழ் மிக அழகாக ஆங்கிலத்துக்குத் திரும்பிப் போகும். 'முடிவு தேவை' என்பது அட்சரம் பிசகாமல் திரும்பும். இயல்பான தமிழோ சற்று விலகித் திரும்பும். எனவே பின்மொழிபெயர்ப்பு விலகும் இடம் ஒவ்வொன்றையும் பிழை என்று கொள்ளாமல், அங்கே பொருள் விலகியதா, சொல் மட்டும் விலகியதா என்று கேட்க வேண்டும்.

வல்லுநர் குழுவில் மருத்துவர், செவிலியர், மொழிபெயர்ப்பாளர்கள், அளவையியல் அறிந்தவர் ஆகியோரோடு ஒரு நோயாளியும் இருக்கட்டும். உள்ளடக்க ஏற்புடைமைக் குறியீடு கணக்கிடுவதாயின், ஒவ்வொருவரும் ஒவ்வொரு கூற்றின் பொருத்தத்தை நான்கு படிகளில் மதிப்பிட, 3 அல்லது 4 கொடுத்தவர்களின் விகிதம் எடுக்கப்படும். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வல்லுநர்கள் இருக்கும்போது கூற்றுக்கு 0.78, முழு வினாத்தாளின் சராசரிக்கு 0.90 என்பன வழக்கமான எல்லைகள். இதை எளிதாக எட்டிவிடலாம் என்பதால் அதற்குமேல் பொருள் ஏற்ற வேண்டாம். ஒவ்வொரு சொல்லையும் ஏன் தேர்ந்தோம், எதை ஏன் விட்டோம் என்று எழுதிவைக்கும் பதிவேடுதான் குழுவின் உண்மையான விளைபொருள்.

குழுவில் ஒரு கேள்வி கட்டாயம் எழும்: நம் ஊரில் முடிவெடுப்பது நோயாளியும் மருத்துவரும் மட்டுமா? 'வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்' என்பது நோயாளிகளின் இயல்பான பதில். வினாத்தாளோ இருவரை மட்டுமே அறியும். கூற்றுகளைத் திருத்திக் குடும்பத்தை உள்ளே நுழைத்தால் அது வேறொரு வினாத்தாளாகிவிடும். ஒன்பதையும் அப்படியே விட்டு, யார் உடன் வந்தார், முடிவில் யாருடைய சொல் எடுபட்டது என்று தனியாக ஓரிரு கேள்விகளை இறுதியில் சேர்ப்பதே முறை. அவற்றை மதிப்பெண்ணில் கூட்டக் கூடாது.

அறிதல் நேர்காணல்

நோயாளி ஒவ்வொரு கூற்றையும் எப்படிப் புரிந்துகொண்டு பதில் சொல்கிறார் என்பதை அவரிடமே பேசிக் கண்டறிவது அறிதல் நேர்காணல். இந்தப் பணியில் நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் இதுவே. இஸ்போர் வழிமுறை 5 முதல் 8 பேரையும், பீட்டனின் வழிமுறை 30 முதல் 40 பேரையும் சொல்கின்றன. ஒரே மூச்சில் முப்பது பேரைப் பார்ப்பதைவிட, ஆறு முதல் எட்டுப் பேரைப் பார்த்துத் திருத்தி, மீண்டும் புதிதாக ஆறு முதல் எட்டுப் பேரைப் பார்த்து, புதிய குழப்பம் எதுவும் வராத வரை தொடர்வது கூடுதல் பயன் தரும். படித்தவர், படிக்காதவர், முதியவர், இளையவர், கிராமத்தவர், நகரத்தவர் என்று வேண்டுமென்றே கலந்து தேர்ந்தெடுங்கள்.

'இந்தக் கூற்று புரிகிறதா?' என்று கேட்பது வீண். நம் மக்கள் மரியாதைக்காகவே 'புரியுதுங்க' என்பார்கள். ஒருவர் பதில் சொல்லும்போது கேள்வியைப் புரிந்துகொள்கிறார், நடந்ததை நினைவுகூர்கிறார், எடைபோடுகிறார், பிறகு விடைப்படிகளில் ஒன்றில் அதைப் பொருத்துகிறார். இந்த நான்கில் எங்கே சறுக்குகிறார் என்பதைக் கண்டுபிடிப்பதே நேர்காணலின் வேலை. 'இதை உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேட்டால் புரிதல் வெளிப்படும். 'டாக்டர் அப்போது என்ன சொன்னார், அவர் சொன்னபடியே சொல்லுங்களேன்' என்றால் நினைவு வெளிப்படும். 'நான்கு போட்டீர்களே, ஏன் ஐந்து போடவில்லை?' என்று கேட்டால் படிகளின் பொருள் வெளிப்படும்.

திறந்த கேள்விகள் இரண்டும் கைகொடுப்பது இங்கேதான். என்ன முடிவு எடுக்கப்பட்டது என்ற இடத்தில் 'சுகர் 240' என்றோ 'ஸ்கேன் நார்மல்' என்றோ எழுதியவருக்கு 'முடிவு' என்பது பரிசோதனை முடிவாகவே பட்டிருக்கிறது. 'மாத்திரை கொடுத்தார்கள்' என்று எழுதிவிட்டு, சேர்ந்து தேர்ந்தெடுத்தோம் என்பதற்கு 5 குறித்தவரை மெதுவாக விசாரிக்க வேண்டும். மறுப்பேதும் சொல்லாமல் வாங்கிக்கொண்டதையே சேர்ந்து எடுத்த முடிவு என்று அவர் கருதியிருக்கலாம். மொழிபெயர்ப்பைத் திருத்தி இதைத் தீர்க்க முடியாது. அது அந்தக் கருத்தே நம் மருத்துவமனைகளில் எப்படி வாழ்கிறது என்பதைக் காட்டும் தகவல். ஆய்வறிக்கையில் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

களத்தில் தரவு திரட்டுதல்

யாரைச் சேர்ப்பது என்பதில் கவனம் வேண்டும். சளிக் காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தவரிடம் வழிகளை ஒப்பிட்டீர்களா என்று கேட்பதில் பொருளில்லை. மாத்திரையிலிருந்து இன்சுலினுக்கு மாறுவது, மூட்டு தேய்மானத்துக்கு அறுவையா உடற்பயிற்சியா, மார்பகப் புற்றில் கட்டியை மட்டும் எடுப்பதா மார்பகம் முழுவதையுமா, சிறுநீரகச் செயலிழப்பில் மருத்துவமனையில் ரத்தச் சுத்திகரிப்பா வீட்டிலேயே வயிற்றின் வழியாகவா என்பன போன்று, நோயாளியின் விருப்பத்துக்கு உண்மையிலேயே இடமுள்ள சந்திப்புகளைத் தேர்ந்தெடுங்கள்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, கூற்றுகள் எத்தனை தனிக் கருத்துகளை அளக்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வுக்குக் கூற்றுகளின் எண்ணிக்கையைப் போல் ஏழு மடங்கும், எப்படியும் நூறு பேருக்குக் குறையாமலும் வேண்டும் என்கிறது உடல்நல அளவைகளின் தரத்தை மதிப்பிட நெதர்லாந்தில் தொடங்கிய காஸ்மின் முயற்சியின் அளவுகோல். ஒன்பது கூற்றுகளுக்கு அது 63 என்று வருவதால் நூறே எல்லையாகிறது. ஆறு படிகளில் சிலவற்றை யாரும் தொடாமலே விடும் நிலை நம்மிடம் எளிதில் வரும் என்பதால் 250 முதல் 300 பேர் வரை திரட்டுவது பாதுகாப்பு.

மருத்துவரின் கண்ணில் படும் இடத்தில் தாளைக் கொடுக்காதீர்கள். வெள்ளைக் கோட்டும் மருத்துவமனை அடையாள அட்டையும் அணிந்தவர் கேட்டால் எல்லாமே ஐந்தாக வரும். மருந்தக வரிசை, காத்திருப்புக் கூடம், வெளி மரத்தடி, எதுவாயினும் மருத்துவர் அறைக்குத் தள்ளி இருக்கட்டும். தாமே நிரப்பியவர், படித்துக் காட்டப்பட்டவர் என்ற குறிப்பைத் தவறாமல் பதியுங்கள். பின்னால் இரு பிரிவையும் தனித்தனியே பார்க்க வேண்டிவரும். உடன் வந்த உறவினர் பதில் சொன்னாரா என்பதையும் குறியுங்கள்.

கணக்கு

ஆல்ஃபாவைத் தொடுவதற்கு முன், ஒவ்வொரு கூற்றுக்கும் விடைகள் எப்படிப் பரவியுள்ளன என்று வெறும் கண்ணால் பாருங்கள். பதிலளித்தவர்களில் 15 விழுக்காட்டுக்கு மேல் மிக உயர்ந்த மதிப்பெண்ணில் குவிந்திருந்தால் கூரை விளைவு உள்ளது என்பார்கள். ஒன்பதுக்கும் ஒரே எண்ணை வரிசையாக வட்டமிட்டவர்களை எண்ணுங்கள். அவர்கள் பெருகப் பெருக ஆல்ஃபாவும் உயரும் என்பது இத்துறையின் கசப்பான வேடிக்கை. ஆல்ஃபா 0.70-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது சரி, அது 0.95-ஐத் தாண்டினால் மகிழ்வதற்குப் பதில், நோயாளிகள் கூற்றுகளைப் பிரித்தறிந்தார்களா, 'நல்ல டாக்டர்' என்ற ஒரே எண்ணத்தை ஒன்பது முறை எழுதினார்களா என்று ஐயப்பட வேண்டும். ஜெர்மன் மூலத்திலேயே ஆல்ஃபா 0.938 என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதும் ஒரே காரணியை அளக்கின்றன என்பது மூலத்தின் எடுகோள். அமைப்பு முன்பே தெரிந்திருப்பதால் உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வையே முதலில் செய்யுங்கள். விடைகள் வரிசைப்படிகள் என்பதால், அவற்றைத் தொடர் எண்களாகக் கொள்ளாமல் வரிசைப்படிகளுக்கென்றே உள்ள பாலிகோரிக் ஒட்டுறவின் அடிப்படையில் மதிப்பிடுங்கள். ஆர் மென்பொருளின் லவான் தொகுப்பு இதை இலவசமாகச் செய்கிறது. ஒரே காரணி என்ற அமைப்பு தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் குறியீடுகளில் சி.எஃப்.ஐ. 0.95-க்கு மேலும், ஆர்.எம்.எஸ்.இ.ஏ. 0.06-க்குக் கீழும் இருப்பது பொதுவாக ஏற்கப்படும் எல்லை. பொருத்தம் குறைந்தால் மென்பொருள் பரிந்துரைக்கும் திருத்தங்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமல், நேர்காணல் குறிப்புகளைப் புரட்டுங்கள்.

அதே நோயாளியிடம் மீண்டும் கேட்டுப் பார்க்கும் மீள்சோதனை இந்த வினாத்தாளில் சற்று விசித்திரமானது. அளப்பது நோயாளியின் நிலையை அல்ல, நடந்து முடிந்த ஒரு சந்திப்பை. சந்திப்பு மாறாது, நினைவு மாறும். இரண்டு வாரம் விட்டால் மருந்து வேலை செய்ததா என்பது பதிலுக்குள் புகுந்துவிடும். மூன்று முதல் ஏழு நாள் இடைவெளியே ஏற்றது என்பது என் கருத்து. குறைந்தது ஐம்பது பேர் வேண்டும். இரு முறையும் கிடைத்த மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துள்ளன என்று காட்டும் உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழு 0.70-க்கு மேல் இருக்க வேண்டும். முதல் முறை தாளிலும் இரண்டாம் முறை தொலைபேசியிலும் கேட்டால், கிடைக்கும் வேறுபாடு எதனால் என்று சொல்ல முடியாது. அந்தக் கெழுவோடு நிறுத்தாமல் அளவைப் பிழையையும் கணக்கிடுங்கள். ஓர் எடுத்துக்காட்டுக்கு, மதிப்பெண்ணின் திட்டவிலக்கம் 18, கெழு 0.80 என்று கொண்டால், அளவைப் பிழை ஏறத்தாழ 8. அதன்படி ஒரு தனி நோயாளியிடம் மாற்றம் உண்மையானது என்று சொல்ல 22 புள்ளிகள் மாறியிருக்க வேண்டும். குழுக்களின் சராசரியை ஒப்பிடத் தகுந்த கருவி, தனி ஆள் விஷயத்தில் எவ்வளவு முரடானது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும்.

கருத்தமைவு ஏற்புடைமைக்கு, அதாவது அளக்க நினைத்த கருத்தைத்தான் வினாத்தாள் அளக்கிறது என்று காட்டுவதற்கு, தரவைப் பார்ப்பதற்கு முன்பே எடுகோள்களை எண்ணோடு எழுதிவிடுங்கள். கிளின் எல்வினும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட கொலாபரேட் என்ற மூன்று கேள்வி அளவையோடு 0.50-க்குக் குறையாத ஒட்டுறவு. பொது மனநிறைவோடு அதைவிடக் குறைந்த ஒட்டுறவு. வயதோடு மிகக் குறைந்த ஒட்டுறவு என்பதுபோல் எழுதலாம். நான்கில் மூன்று பங்கு எடுகோள்கள் நிறைவேறினால் போதும் என்பது காஸ்மின் அளவுகோல். மனநிறைவோடுள்ள ஒட்டுறவு கொலாபரேட்டோடு உள்ளதைவிட உயர்ந்துவிட்டால், உங்கள் தமிழ் வடிவம் பங்கேற்பை அளக்காமல் நன்றியுணர்வை அளந்துகொண்டிருக்கக்கூடும். ஒப்பீட்டுக்கு எடுக்கும் அளவையும் தமிழில் சரிபார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும். கையோடு நீங்களே பெயர்த்த ஒன்றை வைத்து மற்றொன்றை நிறுவுவது வழுக்குத் தரையில் ஏணி சாத்துவது போன்றது.

எண்ணிக்கை போதுமானதாக இருந்தால், தாமே நிரப்பியவர்களுக்கும் படித்துக் காட்டப்பட்டவர்களுக்கும் அளவை ஒரே மாதிரி இயங்குகிறதா என்று அளவை மாறாமையைச் சோதியுங்கள். படிப்படியாகக் கட்டுப்பாடுகளைக் கூட்டும்போது சி.எஃப்.ஐ. 0.01-க்கு மேல் சரியாமல் இருக்க வேண்டும். சரிந்தால் இரு பிரிவின் சராசரிகளை ஒப்பிடும் ஆசையைக் கைவிட வேண்டியதுதான். ஜெர்மன் நோயாளிகளின் சராசரியோடு தமிழ் நோயாளிகளின் சராசரியை ஒப்பிட்டு, எங்கே மருத்துவர்கள் நன்றாகப் பேசுகிறார்கள் என்று தீர்ப்புச் சொல்வதற்கும் இதே விதி பொருந்தும்.

வெளியிடும்போது

ஒன்பது கூற்றுகளின் இறுதி வாசகம், உரக்கப் படிக்கும் வாசகம், விடைப்படிகள், சொல் தேர்வுப் பதிவேடு ஆகிய நான்கையும் இணைப்பாகக் கொடுங்கள். கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, தமிழ் வடிவத்தை 'கேட்டால் அனுப்பப்படும்' என்று விடுவதால், அடுத்த ஊரில் இன்னொருவர் அதே வேலையை முதலிலிருந்து தொடங்குகிறார். முதல் கூற்று ஒட்டாமல் போயிருந்தால் அதை நீக்கி எட்டுக் கூற்று வடிவத்தை வெளியிடும் முன், உருவாக்கியவர்களைக் கேளுங்கள். நீக்கினாலும் ஒன்பதின் முடிவுகளையும் சேர்த்தே கொடுங்கள். தாளின் அடியில் பதிப்பு எண்ணையும் தேதியையும், அது தமிழ்நாட்டு வடிவமா இலங்கை வடிவமா என்பதையும் அச்சிட்டுவிடுங்கள்.